வாசனை போனதற்கு ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களுக்கு

எனக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது கை கால் இறுகி நடுங்க வைக்கும் மூளை நோய், என்று உறுதியாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மூக்கில் வாசனை தெரியாமல் போனது அதற்கும் வெகு முன்னால். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குச் சொல்ல நடுவில் ஒரு ஆளும் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர், வயிற்று டாக்டர், எலும்பு டாக்டர், பிசியோதெரபி என்று தனியாகவே ஏறி இறங்கி, மூக்கில் ஒரு ஆபரேஷனும் செய்துகொண்டு, கடைசியில்தான் தலைக்கு ஸ்கேன் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கைக்காசு மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும். எந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று யாராவது உட்கார வைத்து விளக்கியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. திருநெல்வேலி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருக்கிறேன்.

வாசனை ஒரே நாளில் போகவில்லை. போகும்போது போகிறது என்றும் தெரியவில்லை. சாப்பாடு சப்பென்று இருந்தது; கடைப் பெருங்காயம் சரியில்லை, காபிப்பொடியில் சிக்கரி கூடிவிட்டது என்று கடைக்காரர்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். உப்பைக் கூட்டினேன், பிரஷர் ஏறியது. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கதவைத் தட்டி, "யக்கா, என்ன தீயுது? தெருவுக்கே நாத்தம் வருதே!" என்றாள். அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் பால் வற்றிப் பாத்திரம் கறுத்திருந்தது. நான் பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

ஆனால் விக்ஸ் தெரிந்தது. வெங்காயம் நறுக்கினால் மூக்கில் ஏறியது. ஃபினாயில், கற்பூரம் எல்லாம் "சுர்" என்று பட்டது. அதனால் முழுசாகப் போகவில்லை, சளிதான் அடைக்கிறது என்று நானும் நம்பினேன், டாக்டரும் நம்பினார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விக்ஸின் குளிர்ச்சியும் வெங்காயத்தின் எரிச்சலும் முகத்துக்கு உணர்ச்சி தரும் வேறொரு நரம்பு வழியாகப் போகின்றன. முக்கிளை நரம்பு என்பார்கள். வாசனை நரம்பு செத்தே போயிருந்தாலும் இந்த "சுர்" மட்டும் தெரியும். வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்பினால் காபிப்பொடி, ஏலக்காய், வாசனை சோப்பு மாதிரி எரிச்சல் இல்லாததை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு மூக்குத் துவாரமாக முகர்ந்து பாருங்கள்.

மூக்கு டாக்டரிடம் போன சமயம் கொரோனா முடிந்திருந்த நேரம். "கொரோனாவுக்கு அப்புறம் நிறையப் பேருக்கு இப்படித்தான் டீச்சர்" என்றார். எனக்கு 2020-க்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னேன். சீட்டில் அது ஏறவில்லை. ஸ்ப்ரே, அலர்ஜி மாத்திரை, கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, சைனஸ் சிடி ஸ்கேன். நடு எலும்பு வளைந்திருக்கிறது என்றது சிடி. வளையாத மூக்கு ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ. ஆபரேஷன் செய்துகொண்டேன், 90,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இன்ஷூரன்ஸ் பாதி கொடுத்தது. மூச்சு அருமையாக வந்தது. வாசனை வரவில்லை. "நரம்பு அசதியா இருக்கும், மெதுவா வரும்" என்று சொல்லி மாதக்கணக்கில் மூக்கைக் கழுவ வைத்தார்கள்.

அடைப்பால் போகும் வாசனை பெரும்பாலும் ஏறி இறங்கும். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது, ஸ்டீராய்டு சாப்பிட்டால் சில நாளுக்காவது எட்டிப் பார்க்கும். என்னுடையது ஒருநாள்கூடத் திரும்பவில்லை, ஸ்டீராய்டுக்கும் அசையவில்லை. உங்களுக்கும் அப்படி என்றால், கத்தி வைக்கச் சம்மதிக்கும் முன், "மூக்குக்குள்ள காத்து நல்லா போகுதுல்ல, அப்போ நரம்பு டாக்டரையும் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். அதே மூச்சில் இன்னொன்றும்: வாசனை போனவர்கள் எல்லோருக்கும் பார்க்கின்சன் என்று அர்த்தமில்லை. வயதாலேயே குறையும், சளிக்காய்ச்சல், தலையில் அடி, புகை என்று காரணம் ஏகப்பட்டது. பார்க்கின்சன் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வாசனை குறைந்திருக்கும் என்பது சரி. அதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணக்கூடாது.

என் விஷயத்தில் வாசனையோடு சேர்ந்து வேறு சிலதும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டர், ஒவ்வொரு ஃபைல். பல வருட மலச்சிக்கலுக்கும் நெஞ்சு எரிச்சலுக்கும் வயிற்று டாக்டர். வலது தோள்பட்டை வலிக்கு எலும்பு டாக்டர், "ஃப்ரோசன் ஷோல்டர்" என்று பிசியோவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு 12,000 போனது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள், "மிஸ், எழுத்து பொடிசா இருக்கு, தெரியல" என்று கத்துவார்கள். எப்போதும் கத்துகிற கூட்டம்தானே என்று விட்டுவிட்டேன். ராத்திரி கனவில் கத்துவதும் காலை உதைப்பதும் தனியாக இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? மதினி வந்து தங்கிய ஒரு வாரத்தில்தான், "என்ன மதினி, ராத்திரி யார் கூட சண்டை?" என்று கேட்டாள். வாசனை, மலச்சிக்கல், உறக்கத்தில் உதைப்பது, எழுத்து சிறுத்துப்போவது, ஒரு பக்கத் தோள் வலி. இதையெல்லாம் ஒரே தாளில், எது எந்த வருடம் தொடங்கியது என்று எழுதி எடுத்துப் போங்கள். எனக்கு எந்த ஸ்கேனைவிடவும் உபயோகப்பட்டது அந்தத் தாள். அதற்குச் செலவும் இல்லை.

நடக்கும்போது வலது கை வீசவில்லை என்று பிசியோ பையன்தான் கண்டுபிடித்து நரம்பு டாக்டரிடம் போகச் சொன்னான். நல்லாயிருப்பான். முதல் நரம்பு டாக்டர் எம்ஆர்ஐ எழுதினார், 8,000 ரூபாய். "நார்மல்" என்று வந்தது. மூளையில் ஒன்றுமில்லை என்று நினைத்து, அந்த மகிழ்ச்சியில் அல்வா வாங்கி அக்கம்பக்கம் கொடுத்தேன். அடுத்த பல மாதம் எந்த டாக்டர் பக்கமும் போகவில்லை. பார்க்கின்சனில் சாதாரண எம்ஆர்ஐ நார்மலாகத்தான் பெரும்பாலும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதை எடுப்பதே வேறு காரணங்களைத் தள்ளிவிட: சின்னச் சின்ன ரத்த அடைப்பு, மூளையில் நீர் தேங்குவது, மூக்குக்கு நேர் மேலே வாசனை நரம்பை அழுத்திக்கொண்டு வளரும் கட்டி. அந்தக் கட்டி இருந்தாலும் முதலில் வாசனைதான் போகலாம். ஆகவே எம்ஆர்ஐ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. "நார்மல்" என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று கேட்காமல் வெளியே வராதீர்கள் என்கிறேன்.

வாசனைக்கென்று மூளையில் ஒரு உறுப்பு இருக்கிறதே, அது எம்ஆர்ஐயில் தெரியாதா என்று எனக்குப் பிறகு சந்தேகம் வந்தது. இருக்கிறது. முகர்வுக் குமிழ் என்று பெயர், மூக்குக் கூரைக்கு மேலே இரண்டு பக்கமும், சில மில்லிமீட்டர் தடிமனில். அதற்கென்று மெல்லிய குறுக்குவெட்டுப் படங்கள் எடுத்தால் கன அளவைக்கூட அளக்கலாம். பார்க்கின்சன் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துச் சராசரி பார்த்தால் இந்தக் குமிழ் கொஞ்சம் சிறுத்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நோயுள்ளவர் அளவும் நோயில்லாதவர் அளவும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன; கணக்கு டீச்சருக்கு இது புரிய நேரமாகவில்லை. சராசரி வேறு, ஒரு ஆள் வேறு. என் ரிப்போர்ட்டில் குமிழைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாசனைப் பிரச்சினை என்பதே ஸ்கேன் சீட்டில் எழுதப்படவில்லை, பிறகு அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்? சீட்டில் "கை இறுக்கம், பல வருடமாக வாசனை இல்லை" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

கை இறுக்கம் கூடி, புடவைக் கொசுவம் வைக்கவே சிரமமானபோது இரண்டாவது நரம்பு டாக்டரிடம் போனேன், மதுரையில். அந்த அம்மா முதலில் கேட்டது என் மாத்திரைப் பையை. வயிற்று டாக்டர் கொடுத்த கேஸ் மாத்திரையில் லீவோசல்பிரைடு என்ற மருந்து சேர்ந்திருந்தது. அது மூளையில் டோபமைனைத் தடுக்கும். உடம்பின் அசைவுக்கு வேண்டிய ரசாயனம் அது, பார்க்கின்சனில் குறைந்துபோவதும் அதுதான். நாள்பட்டுச் சாப்பிட்டால் அதனாலேயே பார்க்கின்சன் மாதிரி இறுக்கமும் நடுக்கமும் வரலாம். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஃபுளுனாரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு எல்லாம் இந்த வகைதான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நெஞ்சு எரிச்சலுக்குப் போனவளுக்கு இதை யார் சொன்னார்கள்? வீட்டில் பெரியவர்கள் "கேஸ் மாத்திரை" என்று வருடக்கணக்கில் விழுங்கினால், அட்டையைத் திருப்பி உள்ளே என்னென்ன மருந்து என்று படியுங்கள். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, சின்னச் சின்னப் புட்டிகளை ஒவ்வொன்றாக என் மூக்கருகே நீட்டினார். ஒன்றும் சொல்ல முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. தேர்வில் வெள்ளைத்தாள் கொடுக்கும் பிள்ளைகளை நான் எத்தனை திட்டியிருக்கிறேன்! அவர் அவசரப்படாமல் விளக்கினார். மருந்தால் மட்டும் வந்த இறுக்கம் என்றால் வாசனை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். வாசனையும் சேர்ந்து போயிருந்தால் சந்தேகம் உண்மையான பார்க்கின்சன் பக்கம் சாயும். "மருந்தா, நோயா என்று ஒரு சந்தேகம் இருக்கு. அதுக்கு மட்டும் ஒரு ஸ்கேன் எடுப்போம்" என்றார். கேள்வியை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு ஸ்கேன் எழுதிய முதல் டாக்டர் அவர்தான்.

அந்த ஸ்கேனுக்கு ட்ரோடாட் என்று பெயர். டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் நரம்பு முனைகளில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி போடுவார்கள். வெளிநாடுகளில் இதே வேலைக்கு அயோடின் சேர்த்த டாட்ஸ்கேன் என்பது உண்டு. நம் பக்கம் ட்ரோடாட்தான் அதிகம் காதில் விழுகிறது. செலவு எனக்கு 12,000 ரூபாய் ஆனது. ஆஸ்பத்திரியில் படுக்காமல் எடுக்கும் பரிசோதனை என்பதால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிட்டது. டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஸ்டாக் வைக்க முடியாது. ஆள் சேர்ந்த நாளில்தான் தயாரிப்பார்கள். இது தெரியாமல் முதல் தடவை விடியற்காலை பஸ் பிடித்துப் போய், "இன்னைக்கு மருந்து வரலம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்டேன். பஸ் காசு, ஆட்டோ காசு, ஒரு நாள் எல்லாம் வீண். கிளம்பும் நாள் காலையிலேயே போன் செய்து, மருந்து வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஊசி போட்டபின் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும், உடனே படம் எடுக்க மாட்டார்கள். புத்தகமும் சாப்பாடும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் நல்லது. எனக்கு முதல் இரண்டுதான் இருந்தன. பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் தலையை அசைக்காமல் படுக்க வேண்டும். அறை குளிரும், சால்வை கொண்டுபோங்கள். கழுத்து இறுக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் தலைக்குக் கீழே துணி மடித்து வைப்பார்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். மன அழுத்தத்துக்கும் புகையை நிறுத்தவும் கொடுக்கும் புப்ரோபியான் மாதிரிச் சில மருந்துகள் படத்தையே குழப்பிவிடும், அவற்றை முன்பே நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து உட்கார, காரணம் சொல்ல முடியாமல் நான் எழுந்து நின்றுகொண்டே வந்தேன்.

படம் வந்தது. நன்றாக இருக்கும் மூளையில் டோபமைன் முனைகள் நிறைந்த பகுதி இரண்டு பக்கமும் கமா மாதிரி தெரியும். எனக்கு வலது பக்கம் வால் தேய்ந்த கமா, இடது பக்கம் முற்றுப்புள்ளி. வலது கைக்கு இடது மூளை. கணக்கு சரியாகப் பொருந்தியது. மருந்தால் மட்டும் வந்த இறுக்கமாக இருந்தால் இரண்டும் முழுக் கமாவாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். நான் கேட்டேன், "இதுல என் வாசனை போன இடம் எது டாக்டர்?" அவர் சிரிக்கவில்லை. "அது இந்தப் படத்துல இல்லம்மா" என்றார்.

எனக்கு அது உள்ளே இறங்க நேரம் பிடித்தது. 2003-ல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக் குழுவினர், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேர்வது முதலில் முகர்வுக் குமிழிலும், குடலோடு தொடர்புள்ள ஒரு நரம்பு மூளைத்தண்டில் தொடங்கும் இடத்திலும்தான் என்று சொன்னார்கள். அங்கிருந்து மேலே பரவி, டோபமைன் செல்கள் இருக்கும் கருநிறப் பகுதிக்குப் பிறகுதான் வருகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. எனக்கு அச்சாகப் பொருந்தியது: வாசனை, மலச்சிக்கல், பிறகு கை. வாசனையைத் தேடிப் படம் எடுக்கும் ஆய்வுகள் தனி. ஸ்கேனருக்குள் படுக்கவைத்து மூக்கில் வாசனையைச் செலுத்தி, ஹிப்போகாம்பஸ், அமிக்டலா என்ற மூளைப் பகுதிகள் எவ்வளவு விழிக்கின்றன என்று பார்க்கும் எம்ஆர்ஐ ஆய்வுகளில், பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அங்கே மந்தமாக இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கதிரியக்க மருந்து ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேனை வைத்து மிச்சிகன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு ஒன்று 2010-ல், வாசனை இழப்பை அசிட்டைல்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தின் குறைவோடு சேர்த்துக் காட்டியது. டோபமைன் மாத்திரை கையைத் தளர்த்துகிறது, வாசனையைத் தொடுவதில்லை. காரணத்தில் ஒரு பங்கு இங்கே இருக்கலாம். இந்த ஆய்வு ஸ்கேன்கள் எதையும் ஒரு நோயாளிக்கு "உனக்கு இது" என்று சொல்ல யாரும் எழுதித் தருவதில்லை. தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள்.

சென்னையில் இருக்கும் தம்பி மகன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "அத்தே, இது பத்தாது. எஃப்-டோபா பெட்டுனு ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துக் கன்ஃபர்ம் பண்ணிரலாம்" என்று முன்பணம் கட்டிவிட்டான். பாசம்தான். டாக்டரிடம் கேட்டால், இரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விக்கான பதில், பதில் வந்தாயிற்று என்றார். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ட்ரோடாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு: பார்க்கின்சனையும், அதே மாதிரித் தோன்றும் வேறு சில நோய்களையும் அது பிரித்துச் சொல்லாது. அதை நடையையும் கண்ணசைவையும் மருந்துக்கு உடம்பு கேட்கிற விதத்தையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். "வாசனை போனப்பவே இத எடுத்திருந்தா?" என்றும் கேட்டான். அமெரிக்காவில் அப்படி ஒரு ஆய்வு நடந்தது. வாசனை குறைந்து, இந்த ஸ்கேனிலும் குறை தெரிந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நான்கு வருடத்துக்குள் நோய் வெளிப்பட்டது. ஆனால் நோயின் ஓட்டத்தையே நிறுத்தும் மருந்து இன்னும் இல்லாதபோது, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? முன்னதாகவே பயந்திருப்பேன். மூக்கு ஆபரேஷன் செலவு மிஞ்சியிருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ராத்திரி போனில் படிக்காதீர்கள். ஜப்பானில் சென்டாய் நகரத்து டாக்டர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது: வாசனை மிக மோசமாகக் குறைந்த பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மூன்று வருடத்துக்குள் மறதி நோய் வரும் ஆபத்து கூடுதல் என்று. அன்றிரவு உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன், பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை. டாக்டர், அது நாற்பத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்தது, உங்கள் தலையெழுத்து இல்லை என்று சொல்லி, நினைவாற்றல் சோதனை ஒன்று செய்து தேதி போட்டு வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் டாக்டரிடமும் கேட்டு வாங்குங்கள்; தாளும் பேனாவும் போதும்.

வாசனைக்கு மருந்து இல்லை. பயிற்சி உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தாமஸ் ஹும்மல் குழு 2009-ல் சொன்னது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், நான்கையும் காலையிலும் மாலையிலும், 12 வாரம் முகர வேண்டும். பார்க்கின்சன் உள்ளவர்களிலும் சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் வந்ததாகப் பிறகு எழுதினார்கள். எனக்கு இதுவரை தைலத்தின் "சுர்" மட்டும்தான். ஆனாலும் செலவு ஒன்றுமில்லையே என்று செய்கிறேன்.

வீட்டில் தனியாக இருப்பவர்களுக்கு முக்கியம் சிலிண்டர். சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கெட்ட நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் எங்களுக்கு வராது. நான் பாலுக்கும் காபிக்கும் இண்டக்‌ஷனுக்கு மாறிவிட்டேன், ராத்திரி ரெகுலேட்டரை மூடுகிறேன், 1906 என்ற கசிவு உதவி எண்ணை அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் எல்லாவற்றிலும் தேதி எழுதுகிறேன், சந்தேகமான குழம்பைப் பக்கத்து வீட்டுத் தங்கச்சி முகர்ந்து தீர்ப்புச் சொல்வாள். கசிவைக் கண்டுபிடித்துக் கத்தும் கருவியும் வாங்கினேன், ஆயிரத்துச் சொச்சம். இதை மேலே மாட்டக்கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையோரமாகத்தான் தேங்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரீசியன் தம்பி புகைக்கு மாட்டுவது மாதிரி சீலிங் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுபடி கூப்பிட்டுக் கீழே இறக்க இன்னொரு 200 ரூபாய் கொடுத்தேன்.